யோகம்மா நகர்த்திய பனை

இப்போது எங்கள் பக்கத்துக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், சாட்சி தமிழில் சொல்கிறார், வழக்கறிஞர் தமிழில் கேட்கிறார், நீதவானும் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். அண்மையில் ஒரு செத்தவீட்டுப் பந்தலில், கோட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர் ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"ஐயா, அந்த நாளிலை சாட்சியும் தமிழ், புரொக்டரும் தமிழ், நீதவானும் தமிழ். பிறகு நீங்கள் நடுவிலை நிண்டு என்ன செய்தனீங்கள்?"

நியாயமான கேள்விதான். பதிலைத் தொடங்கினேன், அதற்குள் பிரேதம் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் புளியங்கூடலைச் சேர்ந்தவன். தீவுப்பகுதிக் கோடு ஒன்றில் உரைபெயர்ப்பாளனாக இருந்தேன். அந்த உத்தியோகத்தில் இருப்பவரை ஊரில் எல்லோரும் 'முதலியார்' என்பார்கள். அரசாங்கப் பதிவுகள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டிய காலம் அது. சாட்சி சொல்வதை நான் ஆங்கிலமாக்க வேண்டும். நீதவான் அதைத் தன் கையால் எழுதுவார். படித்ததும் பரீட்சை எழுதியதும் மூத்த முதலியார் ஒருவரின் பின்னால் நின்று வாய் பார்த்ததும் எல்லோருக்கும் நடப்பதுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் கூண்டில் ஏறிய கிழவி என்னைச் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டாள் என்பதைத் தவிர.

நீதவானைப் பற்றி அப்படிச் சுருக்க முடியாது. அவர் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தாயாரோடு பேசுவது சுத்த யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் ஆசனத்தில் ஏறி அமர்ந்ததும் ஒரு சொல் தமிழ் அவருக்கு விளங்காது. சாட்சி ஒரு பகிடி விட்டால் கோடு முழுதும் சிரிக்கும். அவர் கல் மாதிரி இருப்பார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகுதான் சிரிப்பார். நான் சரியாகச் சொல்லாவிட்டால் சிரிக்க மாட்டார். என் மொழிபெயர்ப்புக்கு அவர் வைத்த பரீட்சை அது.

அவருடைய பேனா தடித்தது. ஒரு பதிலை எழுதி முடித்துவிட்டு இமையை உயர்த்துவார். அதன் பிறகுதான் அடுத்த கேள்வி. அந்தப் பேனாவை மேசையில் கிடையாக வைத்தாரென்றால் கோட்டில் இருமல்கூட நின்றுவிடும். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒருமுறை மானநட்ட வழக்கொன்று வந்தது. ஒருத்தி இன்னொருத்தியைச் சந்தையில் வைத்து 'மூதேவி' என்று பேசிவிட்டாள். நீதவான் பொருள் கேட்டார். செல்வத்துக்கு அதிபதியான தேவியின் மூத்த சகோதரி என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எதிராளியின் புரொக்டர் துள்ளி எழுந்தார். "அப்படியானால் என் கட்சிக்காரி இவரைத் தெய்வம் என்றல்லவா அழைத்திருக்கிறார்?" அதை நான் தமிழில் சொன்னதும் முறைப்பாட்டுக்காரி கூண்டுக்குள் குதித்தாள். "ஆர் என்னைத் தெய்வம் எண்டது? மூதேவி எண்டுதான் சொன்னவள்!" நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் அப்போதுதான் சிரித்தார்.

இப்படிப்பட்ட வேலையில் எனக்கு உண்மையிலேயே நாக்கு வறண்டது ஒரே ஒரு வழக்கில். அது வேலி வழக்கு.

நாரந்தனையில் கந்தப்பு என்று ஒரு புகையிலைத் தோட்டக்காரர். அவருக்கு ஒரே தங்கை, பொன்னம்மா. தகப்பனாரின் வளவுக் காணியைப் பாதியாகப் பிரித்துத் தென்பாதியைத் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். நடுவில் உயிர்த்தடிகள் நட்ட கதியால் வேலி. வேலியோரம் ஒரு பனை. அண்ணனும் தங்கையும் ஏன் பேசாமல் விட்டார்கள் என்று கேட்டால் இருவரும் இரண்டு காரணம் சொல்வார்கள். இரண்டும் மற்றவருக்கு ஞாபகமில்லை. தங்கைக்குக் கோபம் வந்தால் கோழியைப் பேசுவாள், அண்ணனுக்குக் கேட்கும்படியாக. அண்ணனுக்குக் கோபம் வந்தால் மாட்டைப் பேசுவார்.

கந்தப்புவின் வழக்கு இதுதான்: பனை எப்போதும் தன் பக்கத்தில்தான் நின்றது, போன ஆடியில் வேலியைப் பிரித்து அடைத்தபோது பொன்னம்மா அதைத் தள்ளி அடைத்துப் பனையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். பொன்னம்மாவோ, வேலி தகப்பன் போட்ட இடத்திலேயே நிற்கிறது, பனையும் முளைத்த நாள் முதல் தன் பக்கம்தான் என்றாள்.

ஒரு பனைக்கு இவ்வளவு பாடா என்று வெளியாட்கள் கேட்கலாம். பொன்னம்மா சமைக்கிற குசினியிலிருந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்தப் பனையடியால்தான் போனது. எங்கள் தீவில் கிணறு எத்தனையும் உண்டு. வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு சில இடங்களில்தான். பனை கந்தப்புவுக்குப் போனால் பாதையும் போகும். பொன்னம்மா குடத்தோடு ஊரைச் சுற்றித் தெருவால் போகவேண்டும். அவளுக்கு முழங்கால் வருத்தம் வேறு.

ஆளுக்கு ஆள் சத்தியம் செய்ததைத் தவிர வேறு சாட்சியம் இல்லாமல் வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. அப்போதுதான் வழக்குக்குள் யோகம்மா வந்து சேர்ந்தாள்.

அவளுடைய பெயர் யோஹன்னா. ஒல்லாந்துக்காரி, அதாவது டச்சுக்காரி. ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். ஆசிய நாடுகளைச் சுற்றி அங்குள்ள சனங்களின் அன்றாட வாழ்க்கையைப் படமாகக் கீறிக்கொண்டு திரிந்தவள். அந்த ஆடிக்கு முந்தியே நாரந்தனைக்கு வந்து, ஒரு வீட்டில் அறை எடுத்து மாதக்கணக்காகத் தங்கியிருந்தாள். யோஹன்னா என்ற பெயர் ஊர் வாயில் யோகம்மா ஆனது. சந்தையில் வாங்கிய பனையோலைத் தொப்பியும் மடக்குக் கதிரையுமாக விடிந்ததும் புறப்படுவாள். வலை பொத்துகிறவர்கள், புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்து தூங்கிப் போனவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

கீறுவதற்கு முன் அவள் ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, எதிரே உள்ளதை அளந்து பார்ப்பாள். படம் கீறுபவர்கள் எல்லோரும் செய்வது. ஆனால் பாதி ஊருக்கு வேலி வழக்கு உள்ள இடத்தில் ஒரு வெள்ளைக்காரி ஒற்றைக் கண்ணால் வளவை அளந்தால் சனம் என்ன நினைக்கும்? ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் எங்கள் காணிகளை அளந்து தோம்பு என்ற பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். ஒல்லாந்து அரசாங்கம் தோம்பைச் சரிபார்க்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று கதை கிளம்பியது. சிலர் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, தங்கள் எல்லைக் கல்லையும் மெதுவாகக் காட்டிவிட்டார்கள்.

அவள் கீறிய படங்களில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. முற்றத்தில் ஒரு பெண் திருவலைப் பலகையில் குந்தித் தேங்காய் திருவுகிறாள். பக்கத்தில் ஒரு ஆடு. பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் ஒரு பனை. காலைத் தேநீரோடு அதைப் பார்த்தவர் கந்தப்புவின் புரொக்டர் அம்பலவாணர். திருவுகிறவள் பொன்னம்மா, வேலி வழக்கு வேலி, பனை வேலிக்கு அப்பால் கந்தப்புவின் பக்கம்! மூலையில் போட்டிருந்த திகதியோ, வேலி பிரித்தடைத்த ஆடிக்கு முந்தியது. அம்பலவாணர் தேநீரைக் குடிக்காமலே எழுந்தாராம். அடுத்த தவணைக்கு யோகம்மாவுக்கு அழைப்பாணை போனது. மூலப்படத்தையும் கொண்டுவரவேண்டும். படத்தில் ஆட்டைக் கண்டவுடன் வழக்கில் இன்னொரு பந்தியும் சேர்ந்தது: பொன்னம்மாவின் ஆடு வேலியால் புகுந்து கந்தப்புவின் புகையிலைக் கன்றுகளைத் தின்றுவிட்டது.

விசாரணை நாளன்று கோடு நிரம்பி வழிந்தது. வழக்குப் பார்க்க வந்தவர் பாதி. தாங்கள் படத்தில் இருக்கிறோமா என்று பார்க்க வந்தவர் பாதி.

முதலில் படத்தைப் பொன்னம்மாவிடம் காட்டி, இது நீர்தானா என்று கேட்டார் அம்பலவாணர். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"கை என்ரை. திருவலையும் என்ரை. மூக்கு என்ரையில்லை."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் படத்தைப் பார்த்தார். பொன்னம்மாவைப் பார்த்தார். பிறகு எழுதினார்: கை ஒப்புக்கொள்ளப்பட்டது, மூக்கு மறுக்கப்பட்டது.

யோகம்மா கூண்டில் ஏறினாள். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொல்வது நீதவானுக்கு நேராகப் போகும். ஆனால் கட்சிக்காரருக்கு விளங்க நான் தமிழில் சொல்லவேண்டும். அன்று என் நாக்கு இரண்டு பக்கமும் ஓடவேண்டியிருந்தது.

அம்பலவாணர் நீண்ட முகவுரையோடு தொடங்கினார். இந்த அம்மையாரின் முன்னோர்கள்தான் எங்கள் காணிகளை அளந்து தோம்பில் பதிந்தவர்கள். அந்தத் தோம்பைக் கோடுகள் காலங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. ஒல்லாந்தர் கையால் எழுதியது சாட்சியமென்றால் ஒல்லாந்தர் கையால் கீறியதும் சாட்சியமே என்றார். நீதவான் யோகம்மாவைப் பார்த்தார்.

"உங்கள் முன்னோர்கள் என்ன தொழில் செய்தார்கள்?"

"அப்பா பேக்கரியில் பாண் சுட்டார், கனம் நீதவான் அவர்களே. அவருடைய அப்பாவும் பாண்தான்."

நீதவான் அதையும் எழுதினார்.

அம்பலவாணர் தளரவில்லை. படத்தை உயர்த்திப் பிடித்தார். "இந்தப் பனை வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறது?"

"படத்தில் அப்பால் நிற்கிறது."

நான் தமிழில் சொன்னேன். கந்தப்பு தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். பொன்னம்மா கீழே பார்த்தாள். முழங்காலை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க மனம் வரவில்லை.

அம்பலவாணர் அதோடு இருந்திருக்கலாம். ஆனால் வெற்றியைக் கொஞ்சம் மெருகிடப் பார்த்தார். "நிலத்திலும் அப்பால்தானே நின்றது?"

"இல்லையே. நிலத்தில் இந்தப் பக்கம்தான் நின்றது. நான்தான் அதை நகர்த்தினேன்."

நீதவானின் பேனா நின்றது. நான் தமிழாக்க வேண்டும். சாட்சி சொன்ன சொல்லுக்கு ஒன்றைக் கூட்டவும் கூடாது, ஒன்றைக் குறைக்கவும் கூடாது.

"நிலத்திலை பனை இஞ்சாலைப் பக்கம்தான் நிண்டது. நான்தான் நகர்த்தினனான் எண்டு சொல்லுறா."

கோடு கொந்தளித்தது. "ஐயோ, வெள்ளைக்காரியோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கந்தப்பு எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களே! எல்லை நகர்ந்ததெண்டு நான் அண்டைக்கே சொன்னனானெல்லே! ஆள்தான் மாறிப்போச்சு!"

நீதவான் பேனாவைக் கிடையாக வைத்தார். அமைதி வந்தது.

"ஏன் நகர்த்தினீர்கள்?"

"அது இந்த அம்மாவின் தலைக்கு நேர் பின்னால் நின்றது. படத்தில் கீறினால் தலையிலிருந்து பனை முளைத்த மாதிரி இருக்கும். ஆகவே வேலிக்கு அப்பால் தள்ளி வைத்தேன்."

இதை நான் தமிழில் சொன்னதும் பொன்னம்மா முதன்முறையாக யோகம்மாவை அன்போடு பார்த்தாள்.

"வேறு எதையாவது நகர்த்தினீர்களா?" நீதவான் கேட்டார்.

"நகர்த்தவில்லை. ஆட்டை மட்டும் நானாகச் சேர்த்தேன். அந்த மூலை வெறுமையாக இருந்தது."

"எனக்கு ஆடே இல்லையெண்டு முந்தியும் சொன்னனான்!" என்று பொன்னம்மா கத்தினாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இல்லாத ஆடு தின்ற புகையிலைக் கன்றுகளுக்கு நட்டஈடு கேட்ட பந்தியை நீதவான் தேடி எடுத்து, நிதானமாக, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அம்பலவாணரின் முகம் சிவந்துவிட்டது. "பனை பொய். ஆடு பொய். மூக்கும் பொய் என்று எதிராளி சொல்கிறார். அப்படியானால் இந்தக் கடதாசியில் எதுதான் உண்மை?"

யோகம்மா கோபப்படவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த அம்மா பார்க்கிற பார்வை. அதை நான் மாற்றவில்லை. நான் பல காலை அங்கே இருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு மனிதர் இருமுவார். இருமத் தொடங்கினால் இந்த அம்மா திருவுவதை நிறுத்திவிட்டு வேலியைப் பார்ப்பார். இருமி முடிந்தால்தான் திரும்பவும் திருவுவார். அந்த நேரத்தில்தான் நான் அவருடைய முகத்தைக் கீறினேன்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். கந்தப்பு சால்வையை எடுத்து வாயைப் பொத்தினார். அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இருமல் அடங்குமட்டும் பொன்னம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆசனத்தை நோக்கிக் கைகூப்பினாள். "ஐயா, அது நல்ல இருமல் இல்லை. எங்களைப் பெத்த அப்புவும் இப்பிடித்தான் இருமினவர். இவர் குடிக்கிற சுருட்டை விடச் சொல்லிக் கோட்டாலை ஒரு கட்டளை போடுங்கோ."

ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கில் சுருட்டு இல்லை என்று அம்பலவாணர் ஆட்சேபித்தார். நீதவான் கேட்டதாகத் தெரியவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

கந்தப்பு என்னைப் பார்த்தார். "முதலியார், அப்பு சுருட்டாலை சாகேல்லை எண்டு சொல்லும். அப்பு மாடு இடிச்செல்லோ செத்தவர்!"

ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மாடு இடிச்சது, அப்பு இருமிக்கொண்டு குனிஞ்சு நிண்டபடியாலை" என்றாள் பொன்னம்மா.

ஆங்கிலத்தில் சொன்னேன்.

கந்தப்பு என்னை விட்டுவிட்டு நேரே தங்கை பக்கம் திரும்பினார். "நீ பாத்தனியே? நீ எங்கை நிண்டனி?"

"நான் குசினி வாசலிலை நிண்டனான். நான்தானே அண்ணை கத்தினது. நீங்கள்தானே ஓடி வந்து தூக்கினீங்கள்."

'என்ரை தங்கச்சி', 'என்ரை தமையன்' என்று உறவு சொல்லாமல், வாதி, எதிராளி என்றே வழக்குத் தொடங்கிய நாள் முதல் வழங்கி வந்தவர்கள். அவள் வாயிலிருந்து வந்த அந்த 'அண்ணை'க்கு ஈடான ஆங்கிலச் சொல் எனக்கு அகப்படவில்லை. ஆனாலும் கடமை. 'மூத்த சகோதரரே, கத்தியது நான்தான்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். நீதவான் பேனாவைக் கிடையாக வைத்தார். என் உத்தியோக காலத்தில் அந்த ஆசனத்திலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அப்போதுதான் வந்தது.

"முதலியார், கொஞ்சம் பேசாமல் இரும்."

நான் பேசாமல் இருந்தேன். அண்ணனும் தங்கையும் பேசினார்கள். மாடு, அப்பு, அப்புவின் கடைசித் தீபாவளி, யார் யாரை எதற்குக் கூப்பிடவில்லை என்பதெல்லாம் வந்தது. இரண்டு தரம் சண்டையும் வந்தது. அம்பலவாணர் கடதாசிகளைக் கட்டி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யோகம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

"முழங்கால் வருத்தத்தோடை ஏன் பனையடியாலை சுத்துறாய்?" என்று கடைசியில் கந்தப்பு கேட்டார். "எங்கடை முத்தத்தாலை போனாக் கிணறு கிட்டத்தானே?"

"ஆர் என்னைக் கூப்பிட்டது?"

"வேலியிலை ஒரு பொட்டு வைச்சால் பிறகேன் கூப்பிட வேணும்?"

வேலியில் ஆள் குனிந்து போய்வருகிற சின்னத் திறப்பைத்தான் பொட்டு என்போம். வழக்கு அப்படித்தான் தீர்ந்தது. வேலி நின்ற இடத்தில் நிற்கும், பனையும் நின்ற இடத்தில் நிற்கும், நடுவில் ஒரு பொட்டு. சுருட்டுக்குக் கட்டளை போட நீதவானுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஆசனத்தை விட்டு இறங்கும்போது கந்தப்புவை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு நேரப் பேச்சுக்கும் அவர் பதிவில் எழுதியது ஒரு வரிதான்: 'தரப்பினர் பேசுகிறார்கள்.'

யோகம்மா ஊரைவிட்டுப் போகும்போது படத்தைப் பொன்னம்மாவுக்கே கொடுத்தாள். அந்த மூக்கை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று பொன்னம்மா அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் பொன்னம்மாவின் மகளுக்குக் கலியாணம். அண்ணன் வீட்டுக்காரர் தனியாக, தங்கை வீட்டுக்காரர் தனியாக, இரண்டு தரம் எனக்கு வெற்றிலை வைத்துச் சொன்னார்கள். போனேன். கந்தப்புவின் விறாந்தையில் படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வேலியின் நடுவே யாரோ கரிக்கட்டையால் ஒரு பெரிய ஓட்டை கீறியிருந்தார்கள்.

"நான்தான் கீறினனான்" என்றார் கந்தப்பு, பின்னால் வந்து நின்று. "நாளைக்கு ஒருத்தன் இந்தப் படத்தைக் கோட்டிலை காட்டி, வேலியிலை பொட்டு இருக்கேல்லை எண்டு வழக்குப் போட்டால் என்ன செய்யிறது, முதலியார்?"

"அது சரி. ஆனால் இதுக்குள்ளாலை ஒரு மாட்டுவண்டில் போகுமே?"

கந்தப்பு சால்வை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். தேங்காய்க் கடகத்தோடு அவ்வழியால் வந்த பொன்னம்மா நின்று படத்தைப் பார்த்தாள்.

"நான்தான் பெரிசாக் கீறச் சொன்னனான். அண்ணைக்கு நாரி வருத்தம், இடுப்பை வளைச்சுக் குனிய ஏலாது."